டிராக்டர் சின்னது, டிரெய்லர் மட்டும் பெருசா?



ஆண்டு மலர் என்றாலே செயற்கை நுண்ணறிவு, விண்வெளி, வேலையில்லாத் திண்டாட்டம், இளைஞர் சக்தி என்று பெரிய பெரிய தலைப்புகள்தான் வரும். அதில் போய் டிராக்டர் டிரெய்லரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இருக்கிறது நண்பர்களே, நிறையவே இருக்கிறது! நம் வகுப்பில் பாதிப் பேர் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். நாம் படிக்கிற விசை, உராய்வு, திருப்புத்திறன் எல்லாம் தேர்வுத் தாளில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தால், அது நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. இரும்புப் பெட்டி, இரண்டு சக்கரம், ஒரு கொக்கி என்ற உருவத்தில் நிற்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். சின்ன டிராக்டருக்கு டிரெய்லர் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஏத்தலாம்?" என்பதல்ல. "எவ்வளவை நிறுத்த முடியும்?" என்பதுதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கீழே. இந்தத் துண்டு நிலத்தில் 45 எச்.பி. டிராக்டரைத் திருப்பவே இடம் பத்தாது. அதனால் 15 முதல் 25 எச்.பி. வரையுள்ள சின்ன டிராக்டர்கள் கிராமங்களுக்குள் வந்துவிட்டன. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கியது. அதில் சிறு, குறு விவசாயிகளுக்கு மானியமும் உண்டு. வாய்க்கால் வரப்பில், மாந்தோப்பு மர இடைவெளியில், தக்காளி பாத்தியில் எல்லாம் இந்த வண்டிகள் நுழைந்து வேலை செய்வதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் வந்திருக்கிறது. அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் பங்கு போட்டு, கடன் வாங்கி, ஒரு சின்ன டிராக்டர் எடுத்தார்கள். தர்மபுரி மாவட்டத்து மேடு பள்ளக் காடு எங்களுடையது. தக்காளி போட்டால் பாலக்கோடு மண்டிக்குத்தான் போக வேண்டும். உழவுக்கு வண்டி வந்தாச்சு, அடுத்து டிரெய்லர் என்று பேச்சு ஆரம்பித்தது. சின்னச் சித்தப்பா சொன்னார்: "வாங்குறதே வாங்குறோம், பத்தடிப் பெட்டியா வாங்கிடுவோம். செங்கல்லு, எம்-சாண்டுன்னு வாடகைக்கு அடிச்சா ரெண்டு வருசத்துல கடன் தீரும்." அப்பா என்னைப் பார்த்தார். "நீதான்டா மெக்கானிக்கல் படிக்கிற. கணக்குப் போட்டுச் சொல்லு."

எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காக மூன்று பெரியவர்கள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நான் போட்ட கணக்கை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். நீங்களும் சரி பாருங்கள்.

நிறுத்துகிற கணக்கு

சின்ன டிராக்டர்களின் சொந்த எடை பெரும்பாலும் ஒரு டன்னுக்குள்தான். 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதில் சுமார் 500 கிலோ பின் சக்கரங்களின் மேல் விழும். டிராக்டருக்கு பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். காய்ந்த ரோட்டில் உராய்வுக் கெழு 0.6 என்று எடுத்தால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச நிறுத்தும் விசை 500 × 0.6 = 300 கிலோ விசை. அதற்கு மேல் மிதித்தால் சக்கரம் லாக் ஆகி வழுக்கும், அவ்வளவுதான்.

டிரெய்லர் இல்லாமல் 20 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் போகிற இந்த டிராக்டர், பிரேக் பிடித்த பிறகு சுமார் 4 மீட்டரில் நிற்கும். அதே டிராக்டரின் பின்னால் பிரேக் இல்லாத டிரெய்லர், சரக்கோடு சேர்த்து 3 டன் இருந்தால்? நிறுத்தும் விசை அதே 300. நிறுத்த வேண்டிய எடையோ 800-லிருந்து 3800 ஆகிவிட்டது. சுமார் 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்தால் 4 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இறக்கத்துக்கு வாருங்கள். பத்துக்கு ஒன்று சரிவு, அதாவது பத்து அடி போனால் ஒரு அடி இறங்குகிற ரோடு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு வண்டியைக் கீழே இழுக்கும். 3800 கிலோவுக்கு 380 கிலோ விசை. நம் கையில் இருப்பது 300! பிரேக்கை முழுசாக மிதித்தாலும் வண்டி நிற்காது. வேகம் கூடிக்கொண்டேதான் போகும். மழை பெய்த மண் பாதை என்றால் 0.6 என்பது 0.4-க்கு இறங்கிவிடும். டிரெய்லரின் முன்பாரம் கொக்கி வழியாகப் பின் சக்கரத்தில் விழுந்து கொஞ்சம் பிடிப்பைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பி உயிரை வைக்க முடியுமா?

"ஏத்தத்துல ஜம்முனு இழுத்துச்சே, இறக்கத்துல என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏறும்போது எடை பின் சக்கரத்துக்கு நகர்கிறது, பிடிப்பு கூடுகிறது. இறங்கும்போது எடை முன்னால் நகர்கிறது, பிரேக் இருக்கிற பின் சக்கரம் லேசாகிறது. போதாததற்குப் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுகிறது. வண்டி கொஞ்சம் கோணலாக இருந்தால் டிரெய்லர் மடங்கி டிராக்டரையே புரட்டிவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்குவதுதான் முறை.

இதே டிராக்டருக்கு, சரக்கோடு ஒன்றரை டன் டிரெய்லர் மாட்டினால் மொத்தம் 2300 கிலோ. இறக்கத்தில் இழுப்பது 230, கையில் இருப்பது 300. மெதுவாகப் போனால் நிற்கும். ஆக, 800 கிலோ டிராக்டருக்கு பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் மொத்தம் ஒன்றரை டன். அதில் காலி டிரெய்லர் 500 கிலோ, சரக்கு ஒரு டன். மேட்டு நிலத்துக்காரருக்கு இதுதான் எல்லைக்கோடு என்பது என் முடிவு. வண்டியோடு வந்த கையேட்டில் கம்பெனி இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால், கம்பெனி சொல்வதுதான் சட்டம்.

பெட்டியை அடியால் அளக்காதே!

பட்டறைக்குப் போனால் "எத்தனை அடிப் பெட்டி?" என்றுதான் முதல் பேச்சு. எட்டுக்கு அஞ்சு, பத்துக்கு ஆறு என்று அடிக்கணக்குதான். ஆனால் பெட்டி நிரம்பினால் எவ்வளவு எடை என்பது பெட்டியைப் பொறுத்தது மட்டுமல்ல, உள்ளே போகிற பொருளையும் பொறுத்தது.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று ஒரு பெட்டி. கொள்ளளவு 60 கன அடி, அதாவது 1.7 கன மீட்டர். மக்கிய தொழு உரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ என்று வைத்தால், விளிம்பு வரை நிரப்பினாலும் ஒரு டன்தான். அதே பெட்டியில் மண்ணைக் கொட்டினால்? கன மீட்டருக்கு 1600 கிலோ வீதம் 2.7 டன். காலி டிரெய்லரையும் சேர்த்தால் 3 டன்னைத் தாண்டிவிடும்! சித்தப்பா சொன்ன பத்தடிக்கு ஆறடி, இரண்டடி உயரப் பெட்டி நிறைய எம்-சாண்ட் என்றால், பெட்டிக்குள் மட்டும் 5 டன்னுக்கு மேல். அது டிராக்டரைப் போல ஆறு மடங்குக்கும் மேலே.

அப்படியானால் எட்டுக்கு ஐந்து பெட்டியில் ஒரு டன் மண் எவ்வளவு உயரம் நிற்கும்? சுமார் ஆறரை அங்குலம். நம்பவே கஷ்டமாக இருக்கும். பெட்டியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு காலியாகத் தெரியும். "என்னப்பா அரைகுறையா ஏத்திட்டுப் போற" என்று பார்ப்பவர் கேட்பார். கண் ஏமாற்றும் நண்பர்களே, கணக்கு ஏமாற்றாது. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். பெட்டியின் உள்பக்கம் ஆறரை அங்குலத்தில் ஒரு சிவப்புக் கோடு அடித்து "மண்" என்று எழுதி வையுங்கள். ஒரு சின்ன டப்பா பெயின்ட் செலவு. ஓட்டுகிறவர், ஏற்றுகிறவர் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. கோட்டைப் பார்த்தால் போதும்.

ரெண்டு சக்கரமா, நாலு சக்கரமா?

நாலு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கும். மாட்டுவது, கழற்றுவது சுலபம். ஆனால் முன் ஆக்சில் திரும்புகிற அமைப்பு என்பதால் ரிவர்ஸ் எடுப்பது பெரிய வித்தை. குறுகலான தோட்டத்துப் பாதையில் ரிவர்ஸ் வராவிட்டால் பொழுது போய்விடும். சின்ன டிராக்டருக்கு ஒற்றை ஆக்சில், அதாவது ரெண்டு சக்கர டிரெய்லரே நல்லது என்பேன்.

ஆனால் அதில் ஆக்சில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் உயிர்நாடி. கொக்கியிலிருந்து ஆக்சில் 9 அடி, பாரத்தின் நடுப்புள்ளி ஆக்சிலுக்கு முக்கால் அடி முன்னால், மொத்த எடை 1500 கிலோ என்றால், கொக்கியில் விழுவது 1500 × 0.75 ÷ 9 = 125 கிலோ. இது நல்ல அளவு. பின் சக்கரத்துக்குப் பிடிப்பு கொடுக்கும். ஆக்சிலை ரொம்பப் பின்னால் தள்ளினால் கொக்கியில் பாரம் ஏறி, டிராக்டரின் முன் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும், ஸ்டியரிங் பேசாது. சரியாக நடுவில் வைத்தாலோ, பின்பக்கம் பாரம் அதிகமானால் கொக்கி மேலே தூக்கும், பிரேக் பிடிக்கிற சக்கரமும் சேர்ந்து லேசாகும். மூங்கில், கரும்பு மாதிரி நீளச் சரக்கை வெளியே நீட்டி ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் செமஸ்டரில் பக்கம் பக்கமாகத் திருப்புத்திறன் எழுதினோமே, அதேதான்!

கொக்கியை எங்கே மாட்டுவது? டிராக்டரின் டிரா பாரில், தாழ்வாக. பின் ஆக்சிலின் நடுமட்டத்துக்கு மேலே எங்கே மாட்டி இழுத்தாலும், டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ வாய்ப்பு உண்டு. பின்னுக்கு லாக் கிளிப்பும் பக்கத்தில் ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் அவசியம். வெறும் போல்ட்டைச் சொருகிக் கம்பியால் கட்டுகிற பழக்கம் இன்றோடு போகட்டும்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

இரும்பு கனமாக இருந்தால்தான் உறுதி என்பது எல்லோர் நம்பிக்கை. இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. நம் எட்டுக்கு ஐந்து பெட்டியின் அடித்தளம், நாலு பக்கம் எல்லாம் சேர்த்து சுமார் 7.3 சதுர மீட்டர். 3 மி.மீ. தகட்டில் செய்தால் 170 கிலோ சொச்சம்; 5 மி.மீ. என்றால் 285 கிலோவுக்கு மேல். வித்தியாசம் 115 கிலோ. அதாவது ஒவ்வொரு நடைக்கும் இரண்டு மூட்டை உரத்துக்கு மேல் பாரத்தைச் சும்மாவே சுமக்கிறோம். உறுதி வேண்டியது தகட்டில் அல்ல, அடியில் இருக்கிற சேனலிலும் குறுக்கு ஆங்கிளிலும். அதை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

கொக்கி வளையத்தைப் பாருங்கள். கம்பியை வளைத்து வெல்டிங் வைத்ததா, அடித்து உருவாக்கியதா? மொத்த பாரமும் இழுபடுகிற ஒரே இடம் அதுதான். ஆக்சில் பழைய லாரியிலிருந்து கழற்றியது என்றால், ஹப்பைச் சுற்றிவிட்டு பேரிங் சத்தம் கேளுங்கள். டயர் 6.00-16 அளவு இந்தப் பாரத்துக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு உள்ள பழைய டயரைப் பெயின்ட் அடித்துத் தலையில் கட்டுவார்கள், ஜாக்கிரதை!

டிப்பர் வேண்டுமா என்பது அடுத்தது. மண், எரு இறக்குகிறவருக்கு இடுப்பு மிச்சம். ஆனால் பெட்டியைத் தூக்குகிற ஜாக்கிக்கு எண்ணெய் டிராக்டரிலிருந்துதான் போகிறது. சின்ன டிராக்டரில் எண்ணெயும் குறைவு, பம்பும் சின்னது. ஆர்டர் கொடுக்கும் முன் வண்டிக்காரக் கம்பெனி மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மேடு பள்ளத்தில் நிறுத்தித் தூக்கினால் டிரெய்லர் பக்கவாட்டில் சாயும். தூக்கிய பெட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் போகவே கூடாது. தக்காளி கிரேட், மூட்டை மட்டுமே ஏற்றுகிறவருக்கு டிப்பர் வீண் செலவு. பின் கதவு நன்றாகத் திறந்தால் போதும். அந்தப் பணத்தில் டிரெய்லருக்கே பிரேக் வைக்கச் சொல்லலாம். டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானே பிடிக்கிற வகை பிரேக் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் நாமாகக் கேட்டால்தான் மாட்டுவார்கள். கேளுங்கள்!

எதிர்க்கட்சியின் வாதம்

"ஒரு டன், ஒரு டன்னா அடிச்சா மூணு நடை போகணும். டீசல் யாரு போடுறது?" இது சித்தப்பாவின் வாதம். நியாயமான வாதம்தான், மறுக்கவில்லை. மண்ணும் ஜல்லியும் தினமும் ஓடுகிற வீடாக இருந்தால் சின்ன டிராக்டரே அதற்குத் தப்பான வண்டி. எங்களுக்கு வருசத்தில் மண் அடிப்பது சில நாள்தான். அதற்கு வாடகை டிப்பர் கூப்பிட்டுக்கொள்ளலாம். மீதி நாளெல்லாம் தக்காளி, எரு, தீவனம். 25 கிலோ கிரேட் நாற்பது ஏற்றினால் ஒரு டன். எங்கள் தோட்டத்தில் ஒரு பறிப்புக்கு அது தாராளம்.

வாடகை வருமானம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் தனியாகப் பதிவு வேண்டும். விவசாயத்துக்கு என்று பதிந்த வண்டியில் எம்-சாண்ட் வாடகை ஓட்டி, வழியில் ஏதாவது நடந்தால், காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்பதே "என்ன ஏத்திட்டுப் போனீங்க?" என்பதுதான். கடனை அடைக்க வாங்கிய பெட்டி புதுக்கடனைக் கொண்டுவந்து வைக்கும்.

அப்பா என் கணக்கை ஒத்துக்கொண்டார். பெரிய சித்தப்பாவும் சரி என்றுவிட்டார். சின்னச் சித்தப்பா மட்டும் "படிச்சவன் பயப்படுவான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

சரக்கு வண்டியில் ஆள்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் கடலை பிடுங்க, தக்காளி பறிக்க, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு எல்லாம் பெண்கள் டிரெய்லரில் நின்றுகொண்டுதான் போகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் போய் வருகிறார். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, உட்கார இடம் கிடையாது. இருபது பேர் நின்றாலே ஒரு டன். மண் மூட்டை பெட்டியின் அடியில் கிடக்கும். மனிதர்கள் நிற்பார்கள், பாரத்தின் நடுப்புள்ளி மேலே ஏறிவிடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும். சரக்கு ஏற்றும் வண்டியில் ஆள் ஏற்றுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. விபத்து நடந்தால் இழப்பீடு வாங்கவும் அந்தக் குடும்பம் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான். பஸ் வராத ஊரில் வேறு எதில் போவது என்று கேட்கலாம். கேள்வி சரி, ஆனால் அதற்குப் பதில் பஸ் கேட்டு மனுக் கொடுப்பது, ஷேர் ஆட்டோ பேசுவது. அம்மாவை மூட்டையாக்குவது பதில் ஆகாது.

இரவில் இன்னொரு எமன் இருக்கிறது. விளக்கோ, சிவப்பு ஒளிப்பட்டையோ இல்லாமல் ரோட்டோரம் நிறுத்திய டிரெய்லர். பின்னால் பைக்கில் வருகிறவருக்குக் கடைசி நொடி வரை அது தெரியாது. பெட்டியின் பின்னாலும் பக்கத்திலும் நாலு முழம் ஒளிப்பட்டை ஒட்ட எவ்வளவு ஆகிவிடும்?

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே! இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் நகரத்தில் ரெடிமேடாக விற்பதை வாங்கி வந்து, பெயர்ப்பலகை மட்டும் நம்முடையதை ஒட்டுகிறோம். அதற்குப் பதிலாக, சின்ன டிராக்டருக்கு ஏற்ற, பிரேக் உள்ள, 400 கிலோவுக்குள் எடையுள்ள ஒரு டிரெய்லரை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்து காட்டினால் என்ன? வெல்டிங் தெரியும், லேத் தெரியும், வரைபடம் தெரியும். இன்னும் என்ன வேண்டும்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊருக்குப் போகும்போது, மரம் நடுவதோடு, அந்த ஊர் டிரெய்லர்களுக்கெல்லாம் ஒளிப்பட்டை ஒட்டி, உள்ளே சிவப்புக் கோடும் போட்டுவிட்டு வருவோமே! மாணவர் மன்றம் இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று இந்த மலர் மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நிற்கிற முதல் டிரெய்லரின் நீளம், அகலம், உயரம் அளந்து, மண் ஏற்றினால் எத்தனை டன் என்று கணக்குப் போட்டு, வண்டிக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் சிரிக்கலாம். சிரித்தாலும் அடுத்த முறை இறக்கத்தில் போகும்போது அந்த எண் அவர் நினைவுக்கு வரும். நாம் படித்த படிப்புக்கு ஊர் பார்க்கிற முதல் பலன் அதுவாக இருக்கட்டும்!

— மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு